தீர்வுக்குப் பின்: மூன்று நல்ல முயற்சிகளும் அவற்றின் எதிர்பாரா விளைவுகளும்

1. ஆய்வின் நோக்கம்

விறகுக்கு அலைந்த மக்களுக்கு மரம் தரப்பட்டது. அழுக்கு நீரைக் குடித்து இறந்த குழந்தைகளுக்காகக் கிணறு தோண்டப்பட்டது. வலியால் துடித்த மாட்டுக்கு மருந்து போடப்பட்டது. இவற்றில் எதையும் தவறான நோக்கம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மரம் மேய்ச்சல் நிலத்தையும் கண்மாய்களையும் மூடியது. அந்தக் கிணறு நஞ்சைப் புகட்டியது. அந்த மருந்து, மாடு இறந்த பிறகும் அதன் உடலில் தங்கியிருந்து ஒரு பறவையினத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது.

இக்கட்டுரை மூன்று வரலாறுகளை எடுத்துக்கொள்கிறது. அவை தமிழகத்தின் சீமைக் கருவேலம், வங்கதேசத்தின் குழாய்க்கிணறு, தெற்காசியாவின் டைக்ளோஃபெனாக் மருந்து. நல்ல நோக்கத்தோடு வந்த தீர்வு தீங்காக மாறும்போது அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது, அது ஏன் நெடுங்காலம் கண்ணில் படாமல் போகிறது என்பவையே இங்கு ஆராயப்படும் கேள்விகள். மூன்று சான்றுகளையும் தேர்ந்ததற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. மூன்றிலும் தீர்வு தோற்கவில்லை. எந்தக் குறையைப் போக்க வந்ததோ, அந்தக் குறையை அது உண்மையாகவே போக்கியது. தோற்றுப்போன திட்டங்களைக் குறை சொல்வது எளிது. வெற்றி பெற்ற திட்டங்களிலிருந்துதான் இந்தப் பொருளைப் பற்றிக் கற்க நிறைய இருக்கிறது.

2. கருத்து அடிப்படை

இப்பொருளை முறையாக வகுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். நோக்கமுடைய சமூகச் செயல்களின் எதிர்பாரா விளைவுகள் பற்றி 1936இல் அவர் எழுதிய கட்டுரை ஐந்து காரணங்களைச் சொன்னது. முதலாவது அறியாமை. இரண்டாவது, முன்பு பலித்த வழி இப்போதும் பலிக்கும் என்று நம்பும் பிழை. மூன்றாவது, உடனடிப் பயனின் மீதுள்ள ஆவலால் தொலைவில் வருவதைப் பாராமை. நான்காவது, கொண்ட கொள்கை கட்டளையிடுவதால் விளைவைக் கருதாமல் செயல்படுவது. ஐந்தாவது, சொல்லப்பட்ட முன்கணிப்பே மக்களின் நடத்தையை மாற்றித் தன்னைப் பொய்யாக்கிக்கொள்வது.

தமிழ் மரபுக்கும் இது புதிய சிந்தனை அல்ல. திருக்குறளின் 47ஆம் அதிகாரமான 'தெரிந்து செயல்வகை' முழுவதும் ஒரு செயலில் இறங்குமுன் வரவையும் இழப்பையும் எண்ணிப் பார்ப்பதைப் பற்றியதே.

எனினும் மெர்ட்டனின் ஐந்து காரணங்களும் பெரும்பாலும் செயலுக்கு முந்தைய மனநிலையைப் பேசுகின்றன. செய்து முடித்த பின் என்ன நடக்கிறது என்பதை இவற்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. முன்கூட்டி அறிய முடியாதது எப்போதும் இருக்கும். தீங்கு வெளிப்பட்ட பிறகும் தீர்வு அதே வேகத்தில் பரவியதற்கு வேறு காரணம் தேவை. அந்தக் காரணத்தைத் தேடியே இக்கட்டுரை சான்றுகளுக்குள் செல்கிறது.

3. சான்று ஒன்று: சீமைக் கருவேலம்

3.1 வந்த காரணம்

மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை சீமைக் கருவேலத்தின் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் அது பெருமளவு பரவியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். மழை குறைந்த ஊர். அடுப்பெரிக்க விறகு இல்லை. இருக்கும் காட்டையும் வெட்டிவிடக் கூடாது. இந்தச் சிக்கலுக்கு அது மிகப் பொருத்தமான விடையாகத் தெரிந்தது. உவர் மண்ணிலும் வளரும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மாடு இலையைக் கடிக்காது. வேலிக்கு நட்டதால் 'வேலிக்காத்தான்' என்றே பெயர் பெற்றது.

3.2 பரவிய வழி

இலையைத் தொடாத ஆடுமாடுகள் அதன் இனிப்பான நெற்றை விரும்பித் தின்றன. விதை செரிக்கவில்லை, வயிற்றுக்குள் அதன் கடினமான தோல் மட்டும் இளகியது. சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்த இடத்தில் எருவும் இருந்தது, ஈரமும் இருந்தது. இவ்வாறு மந்தை போன வழியெல்லாம் மரம் முளைத்தது. கண்மாய்க்குள், வரத்துக்கால்களில், தரிசு விட்ட புஞ்சையில், ஊர்ப் பொது மேய்ச்சலில் முள் அடர்ந்தது. வெட்டினால் அடித்தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்தது. அதன் நிழலில் வேறு செடி எளிதில் எழவில்லை.

மரம் எந்தக் குணங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அதே குணங்கள்தாம் அதை அடக்க முடியாததாகவும் ஆக்கின. கவனிப்பாரின்றி வளரும் என்பது நடும்போது சிறப்பாகத் தெரிந்தது. பிடுங்க முயலும்போது அதுவே இடராக நின்றது.

3.3 இழப்பும் பிழைப்பும்

இந்த மரத்தைப் பற்றிய பேச்சில் மிகையும் கலந்திருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே நிறுத்திவிடும் என்று ஊர்களில் சொல்வதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் அடர்ந்து வளரும் இடத்தில் அது மிகுதியான நீரைச் செலவிடுகிறது என்பதை எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் நடந்த அளவீடுகள் காட்டியுள்ளன. கண்மாயின் கொள்ளளவு குறைவதும், மேய்ச்சல் நிலம் மறைவதும், உழவுக்குத் திரும்ப நினைப்பவர் முள்ளை அகற்றும் செலவுக்கு அஞ்சி நிலத்தைத் தரிசாகவே விடுவதும் கண்முன் காணும் உண்மைகள்.

மறுபுறம், இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் நிலமற்ற பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது இந்த மரமே. விறகு வெட்டி, கரிமூட்டம் போட்டு, மூட்டையாக ஏற்றுவது அங்கே ஒரு தொழில். வானம் பொய்த்த ஆண்டில் வயல் கைவிட்டாலும் கரி கைவிடவில்லை. தீங்கைக் கணக்கெடுப்பவர் இந்த வரவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

3.4 கென்யாவின் ஆடு

கென்யாவின் பாரிங்கோ பகுதியிலும் 1980களில் இதே மரம், இதே நோக்கத்தோடு நடப்பட்டது. இனிப்பு நெற்றைத் தின்ற ஆடுகளின் பற்கள் சொத்தையாகி உதிர்ந்தன. பல்லில்லாத ஆடு மேய முடியாமல் மெலிந்தது. அங்குள்ள இல்ச்சாமுஸ் மக்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பல்லிழந்த ஓர் ஆட்டையே சான்றாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். தாங்கள் ஆண்டுக்கணக்கில் அறிந்திருந்த ஒன்றை ஆள்வோருக்குத் தெரிவிக்க, அந்த ஆட்டைத் தவிர அவர்களுக்கு வேறு மொழி கிடைக்கவில்லை.

4. சான்று இரண்டு: வங்கதேசத்தின் குழாய்க்கிணறு

4.1 குளத்திலிருந்து குழாய்க்கு

வங்கத்துக் கிராமங்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தே வாழ்ந்தவை. அந்த நீரில் காலராவும் வயிற்றுப்போக்கும் வந்தன, குழந்தைகள் இறந்தன. 1971இல் நாடு விடுதலை பெற்ற பின் அரசும் யூனிசெஃப் அமைப்பும் குழாய்க்கிணறுகளையும் அடிகுழாய்களையும் பரப்பின. பிறகு மக்கள் தாங்களே காசு செலவழித்து வீட்டு முற்றத்தில் குழாய் இறக்கத் தொடங்கினார்கள். கிணறுகளின் எண்ணிக்கை பல இலட்சங்களாகப் பெருகியது. கிருமியற்ற நீர் வாசலுக்கே வந்தது. பெண்களின் நடை குறைந்தது. அந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் இதைத் தன் பெரிய வெற்றிகளில் ஒன்றாகக் கருதியது.

4.2 மண்ணுக்குள் இருந்தது

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்த வண்டலில் ஆர்செனிக் இயற்கையாகவே கலந்திருக்கிறது. அது இரும்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும்வரை தொல்லை இல்லை. நிலத்தடியில் ஆக்சிஜன் குறைந்து, மக்கிய தாவரப்பொருள் மிகுந்த இடங்களில் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை உடைக்கின்றன. ஆர்செனிக் நீரில் கரைகிறது. ஆழம் குறைந்த குழாய்கள் எட்டியது இந்த நீரைத்தான். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குடித்தவருக்கு அன்று ஒன்றும் ஆகாது. ஆண்டுகள் கழிந்து உடலில் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் தோன்றும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும்; பின்னர் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வரும்.

4.3 கண்டறிந்தவர் யார்

கிணறு தோண்டியவர்கள் நீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆர்செனிக் அவர்களுடைய சோதனைப் பட்டியலில் இல்லை. இதை முதலில் உணர்ந்தவர் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா. 1980களின் தொடக்கத்தில் தம்மிடம் வந்த நோயாளிகளின் தோலைப் பார்த்து அவர் அறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராக நீரைச் சோதித்து எச்சரித்தார். எல்லைக்கு அப்பால், வங்கதேசத்தில் இது உறுதிசெய்யப்பட்டது 1993இல்தான். மண் இரு பக்கமும் ஒன்றே. எச்சரிக்கை எல்லையைக் கடக்கப் பத்தாண்டு பிடித்தது. அந்தப் பத்தாண்டிலும் புதிய கிணறுகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000இல் வெளிவந்த ஆய்வுரை இதை வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் நச்சேற்றம் என்று மதிப்பிட்டது. 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர்வரை ஆபத்தில் இருந்ததாக அது கணித்தது. அதன்பின் சுமார் 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. அந்நாட்டின் வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டிய ஏறத்தாழ 14 இலட்சம் கிணறுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசினார்கள். மற்றவற்றுக்குப் பச்சை.

5. சான்று மூன்று: டைக்ளோஃபெனாக்

5.1 மாட்டுக்கு மருந்து

மனிதருக்கு மூட்டுவலிக்குத் தரப்படும் டைக்ளோஃபெனாக் 1990களில் கால்நடைக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. காய்ச்சல் கண்ட மாடும் காலில் அடிபட்ட காளையும் ஊசி போட்டதும் எழுந்து நின்றன. ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டுக்கு அந்த ஊசியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

5.2 வெறுமையான வானம்

நம் நாட்டில் செத்த மாட்டைப் பல இடங்களில் திறந்தவெளியில் விடுவதே வழக்கம். பாறுக் கழுகுகள் கூட்டமாக இறங்கிச் சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடும். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் அவற்றைக் கணக்கெடுத்துவந்த பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ், 1990களில் எண்ணிக்கை சரிவதைக் கண்டார். கழுகுகள் கழுத்தைத் தொங்கவிட்டு மரத்தில் அமர்ந்திருந்தன. பிறகு விழுந்து இறந்தன. முதலில் தொற்றுநோயோ என்று ஐயுற்றார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் விடையைச் சொன்னது. மருந்து தங்கிய மாட்டிறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கிறது; உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெண்மையாகப் படிகிறது.

நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே அந்த வேகத்தில் கழுகுகள் அழியும் என்று கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் பல பத்துக் கழுகுகள் உண்ணும் என்பதே காரணம். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

5.3 மனிதருக்குத் திரும்பியது

கழுகு போன இடத்தில் அழுகிய சடலம் கிடந்தது. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அச்சமும் நீர்நிலைகள் மாசுபடுவதும் கூடின. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு, கழுகுகள் மிகுந்திருந்த மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் உயர்ந்ததைக் காட்டியது. 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில் கூடுதலாக ஏறத்தாழ 5 இலட்சம் இறப்புகள் நேர்ந்ததாக அவர்கள் மதிப்பிடுகிறார்கள். இறந்தோரின் உடலைக் கழுகுகளுக்கென வைக்கும் பார்சி மக்களின் அமைதிக் கோபுரங்களில், அந்த உடலை ஏற்க வந்த பறவை வராமற்போனது. மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி ஒரு சமுதாயத்தின் இறுதிச் சடங்கையும் மாற்றியது.

6. ஒப்பாய்வு

மூன்று சான்றுகளையும் அருகருகே வைத்தால் மூன்று பொதுத்தன்மைகள் தெரிகின்றன.

6.1 வெற்றியே அளவைப் பெருக்கியது. விறகு கிடைக்காமல் போயிருந்தால் மரத்தை மக்கள் வளர விட்டிருக்கமாட்டார்கள். வயிற்றுப்போக்கு குறையாமல் இருந்திருந்தால் மக்கள் சொந்தச் செலவில் குழாய் இறக்கியிருக்கமாட்டார்கள். மாடு எழாமல் போயிருந்தால் ஊசி விற்றிருக்காது. பலன் கண்கூடாகத் தெரிந்ததால் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

6.2 பலன் உடனே வந்தது, தீங்கு பிந்தி வந்தது. அடுப்பு அன்றே எரிந்தது. கண்மாய் மூடப் பல்லாண்டு ஆனது. நீர் அன்றே தெளிவாக இருந்தது. தோல் தடிக்கப் பத்தாண்டு ஆனது. இடைப்பட்ட காலத்தில் திட்டத்தின் கணக்கு நல்ல முடிவோடு மூடப்பட்டுவிட்டது.

6.3 தீங்கு வேறொருவர் வாசலில் வந்து நின்றது. இந்த ஆய்வின் முதன்மையான கண்டறிதல் இதுவே. விறகுத் தேவைக்கு மரம் நட்டவர் வனத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டவர். இழந்தவர்கள் மேய்ப்பரும் பாசனக்காரரும். கிணறு தோண்டியவர் பொறியாளர். நோயைக் கண்டவர் தோல் மருத்துவர். ஊசி போட்டவர் கால்நடை மருத்துவர். சாவைக் கண்டவர் பறவை ஆய்வாளர். தீர்வு தந்தவரின் மேசைக்கு வந்த தாள்களில் தீங்கு பதிவாகவே இல்லை. அங்கே எல்லாம் நலமாக இருந்தன. கண்டவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் காணவில்லை. இருவருக்கும் இடையே பாதையும் இல்லை.

மெர்ட்டன் சொன்ன ஐந்து காரணங்களோடு இந்தப் பாதையின்மையை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அறியாமை முதல் தவறுக்கு மட்டுமே காரணம். அந்தத் தவறு பத்தாண்டு, இருபதாண்டு நீடித்ததற்குக் காரணம், அறிந்தவரின் குரல் போய்ச்சேர வழியில்லாததே.

7. தீர்வைத் திருத்தும் தீர்வு

தீங்கு தெரிந்ததும் அதை ஒரேயடியாக அகற்றிவிடத் தோன்றும். அந்த அகற்றலும் ஒரு தீர்வே. ஆகவே அதற்கும் எதிர்பாரா விளைவு உண்டு. மூன்று சான்றுகளும் இதை மெய்ப்பிக்கின்றன.

வங்கதேசத்தில் சிவப்பு வண்ணம் கண்டு கிணற்றைக் கைவிட்ட குடும்பங்களில் குழந்தை இறப்பு கூடியதாக எரிக்கா ஃபீல்ட், ரேச்சல் கிளென்னர்ஸ்டர், ரேஷ்மான் ஹுசாம் ஆகியோரின் ஆய்வு காட்டியது. தொலைவிலிருந்து நீர் சுமந்து, வீட்டில் சேமித்து வைக்கும்போது பழைய கிருமி திரும்பவும் நுழைந்தது. நஞ்சுக்கு அஞ்சி விலகியவரை, கிணறு வரும்முன் இருந்த நோய் காத்திருந்து பிடித்தது.

இந்தியாவில் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் பயன்பட்டன. எனவே 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். மாற்றாகச் சந்தைக்கு வந்தவற்றுள் அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறுவது தெரிந்தது. கீட்டோபுரோஃபெனும் கழுகைக் கொல்வது தெரிந்தது. இவ்விரண்டும் கால்நடைப் பயன்பாட்டில் தடைசெய்யப்பட்டது 2023இல். முதல் தடைக்கும் இதற்கும் இடையே 17 ஆண்டுகள். மெலாக்ஸிகாம் என்ற பாதுகாப்பான மருந்து இருப்பது 2006இலேயே தெரியும். ஒன்றைத் தடுத்தவர்கள் அதன் இடத்துக்கு எது வருகிறது என்று உடனே சோதிக்கவில்லை.

சீமைக் கருவேலத்தை அகற்ற 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. மேலே வெட்டி எடுத்தால் தூர் மீண்டும் துளிர்க்கும். தூரோடு பிடுங்கி அப்படியே விட்டால், மண்ணில் புதைந்திருக்கும் விதை அடுத்த மழைக்கு எழும். எதை அகற்றுகிறோமோ அந்த இடத்தில் நாட்டு மரத்தையோ புல்லையோ பயிரையோ நிறுத்தாவிட்டால் செலவு மட்டுமே மிஞ்சும். அயல் தாவரங்களை அகற்றுவதோடு வாழிடத்தை மீட்பதையும் சேர்த்துப் பேசும் கொள்கையைத் தமிழக அரசு 2022இல் வெளியிட்டது. இது சரியான திசை. கரிமூட்டத் தொழிலாளிக்கு அடுத்த வேலை என்ன என்பதும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே விடை பெற வேண்டும்.

8. முடிவுகள்

இந்த ஒப்பாய்விலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: எதிர்பாரா விளைவுக்கு அஞ்சி எதுவும் செய்யாதிருப்பது தீர்வாகாது. குழாய்க்கிணறு வராதிருந்தால் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறந்துகொண்டே இருந்திருப்பார்கள். செயலின்மைக்கும் பின்விளைவு உண்டு.

இரண்டு: ஒவ்வொரு தீர்வும் தொடங்கும் நாளிலேயே, இது தவறினால் முதலில் யார் கண்ணில் படும் என்ற கேள்விக்கு விடை எழுதப்பட வேண்டும். மேய்ப்பர், மீனவர், செவிலியர், பறவை பார்ப்பவர் என்று அந்த ஆட்களைப் பெயரிட்டு, அவர்கள் சொல்வது முடிவெடுப்பவரைச் சேரும் வழியையும் அமைக்க வேண்டும்.

மூன்று: திட்டம் முடிந்த பிறகும் பத்தாண்டுக்கேனும் அதைக் கண்காணிக்கப் பணமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும். திட்டத்தின் பலனைச் சோதிக்கும் அளவுகோல் ஒன்று. அதன் தீங்கைத் தேடும் அளவுகோல் வேறு. இரண்டாவதைத் திட்டத்தை நடத்தாத ஒரு துறையிடம் ஒப்படைப்பதே முறை.

நான்கு: திரும்பப் பெற முடியாத தீர்வைச் சிறிய அளவில் தொடங்க வேண்டும். குப்பியின் அளவை ஓர் ஆணையால் குறைக்கலாம். முளைத்துவிட்ட விதையை எந்த ஆணையாலும் மண்ணிலிருந்து திரும்ப அழைக்க முடியாது.

9. முடிவுரை

தமிழகத்தில் இன்று பாறுக் கழுகுகள் எஞ்சியிருப்பது மாயாறு பள்ளத்தாக்கிலும் அதைச் சூழ்ந்த முதுமலை, சத்தியமங்கலம் காடுகளிலும்தான். அவை அங்கே தப்பிப் பிழைத்ததை நற்பேறு என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. அவற்றை ஆண்டுதோறும் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு மருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. நமக்கு வேண்டிய ஏற்பாடு இதுவே. நாளை அறிவிக்கப்படும் ஒவ்வொரு புதிய மரத்துக்கும் மருந்துக்கும் அணைக்கும் இத்தகைய எண்ணுகிறவர் ஒருவரையும், அவர் சொல்லைக் கேட்க ஒருவரையும் சேர்த்தே நியமிக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு ஒரு காரியத்தைத் தொடங்கியவருக்கு, அது என்னவாயிற்று என்று திரும்பிவந்து பார்க்கும் கடமையும் உண்டு.